25 வாட் சால்டரிங் அயர்னா, ஸ்டேஷனா? டிரை சால்டர் வராமல் இருக்க

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் ஸ்டார்ட்டரை நிறுத்தச் சொல்லும் சின்ன சர்க்யூட் ஒன்றைச் செய்தேன். ஒரு நோட்எம்சியு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), எல்லாம் டாட் போர்டு என்ற ஓட்டைப் பலகையில், சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி ஒட்டியது. மேசையில் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. மாடிப்படிக்குக் கீழே மாட்டிய மூன்றாம் நாள் தொட்டி வழிந்தது. பெட்டியைத் தட்டினால் ரிலே 'டிக்' என்று விழும், கையை எடுத்தால் பழையபடி சும்மா இருக்கும். ஈயம் ஒட்டியதுபோலத் தெரிந்தும் சரியாக ஒட்டாத இணைப்பு. டிவி மெக்கானிக்குகள் இதை 'டிரை சால்டர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

மல்டிமீட்டர் நன்றாக ஏமாற்றியது. ரிலேயின் காலில் முள்ளை வைத்தால் 'பீப்' அடிக்கிறது. முள்ளை அழுத்தும்போது விரிசல் மூடிக்கொள்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியில் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு காலாக அசைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ரிலேயின் ஒரு காலைச் சுற்றி தலைமயிர் பருமனில் ஒரு வளையக் கோடு. ஜிஎன்டி (கிரவுண்ட்) காலில் ஈயம் உருண்டையாகக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, கீழே செம்பைத் தொடவே இல்லை.

எல்லாவற்றையும் அதே அயர்னால் மறுபடி வைத்தேன். இரண்டு வாரத்தில் வேறொரு கால் விட்டது. அப்போதுதான் இணைப்புகளை விட்டுவிட்டு அயர்னைத் திரும்பிப் பார்த்தேன். இந்த ஒப்பீடு, அன்று கையில் இருந்த சாதாரண 25 வாட் அயர்னுக்கும், அதற்குப் பிறகு வாங்கிய, சூட்டை நாம் வைத்த அளவில் நிறுத்தும் 936 மாதிரி ஸ்டேஷனுக்கும். ஜப்பானின் ஹாக்கோ 936 என்ற மாடலைப் பார்த்துப் பல பேர் செய்யும் வகை அது. நான் ஸ்டேஷன் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிப்படையான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். அயர்ன் சில நூறு ரூபாய், ஸ்டேஷன் அதைப்போல ஐந்தாறு மடங்கு. அயர்ன் பைக்குள் போகும், ஸ்டேஷன் மேசையில் இடத்தைப் பிடிக்கும். சூடேற அயர்னுக்கு நாலைந்து நிமிடம், ஸ்டேஷனுக்கு அவ்வளவு ஆகாது. வயரோடு வயர் சேர்க்க மட்டும் என்றால் அயர்னே போதும்.

முடிவைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை, பிட்டின், அதாவது சூடாகும் முனையின், பராமரிப்புதான். பிட்டுக்கு உள்ளே செம்பு, அதற்கு மேல் இரும்பு முலாம். ஈயம் ஒட்டுவது அந்த முலாமில்தான். சூட்டோடு காற்றில் கிடந்தால் முலாமில் ஆக்சைடு படிந்து கறுத்துவிடும். கறுத்த பிட்டில் ஈயம் தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடும். பிட்டுக்கும் காலுக்கும் நடுவே உருகிய ஈயம் ஒரு படலமாக நின்றால்தான் சூடு கடக்கும். படலம் இல்லாவிட்டால் இரண்டும் ஊசிமுனை அளவுக்குத்தான் தொடுகின்றன. போர்டு சூடாகாது, ஈயம் மட்டும் உருகி அதன்மேல் சொட்டும். டிரை சால்டர் தயார். என் ஜிஎன்டி வரிசையில் தடித்த செம்புக் கம்பி வேறு ஓடியது, வந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் அது இழுத்துக்கொண்டது.

சாதாரண அயர்னுக்குக் கட்டுப்பாடு என்று எதுவும் கிடையாது. 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190-ஐ ஒட்டி முழுசாக உருகிவிடும். அயர்னோ ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போதே 400-ஐ நெருங்கிவிடும். நான் ஒரு ரெசிஸ்டரைத் தேடி டப்பாவைக் கவிழ்க்கும் அரைமணி நேரமும் பிட் வெந்துகொண்டே இருக்கும். கறுத்ததும் நான் செய்தது இன்னும் மோசம்: உப்புத்தாளால் தேய்த்தேன். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது, முலாம் போயே போய்விட்டது. வெறும் செம்பை ஈயம் கரைத்துத் தின்னும். சில நாளில் நுனியில் குழி. (முலாம் இல்லாத செம்பு பிட்டுகளை அரம் வைத்து ராவிய காலத்துப் பழக்கம் இது. பழைய ஆட்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.)

இதில் வோல்டேஜ் வேறு. 230-க்குச் செய்த அயர்னுக்கு 200 வோல்ட் வந்தால் சக்தி வர்க்க விகிதத்தில் இறங்கும், 25 வாட் 19 வாட் ஆகிவிடும். காலையில் அழகாகப் பிடித்த ஈயம் சாயங்காலம் மக்கர் செய்ததற்கு என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் 330-ல் வைத்துவிடுகிறேன். தடித்த கால் வந்தால் 360. எழுந்து போனால் 200-க்கு இறக்கிவிடுவேன். சுத்தம் செய்ய ஈர ஸ்பாஞ்சைவிடப் பித்தளைச் சுருளே மேல், பிட் சட்டென்று குளிர்வதில்லை. அணைக்கும் முன் நுனியில் ஒரு சொட்டு ஈயம் வைத்துவிட்டு அணைப்பேன், அடுத்த நாள் துடைத்தால் வெள்ளியாக இருக்கும். அப்புறம், மாதம் ஒருமுறை பிட்டைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றிப் பூட்டுவேன், இல்லாவிட்டால் பிட் உள்ளேயே இறுகிவிடும். இந்த ஸ்டேஷனுக்கான 900எம் வகை பிட்டுகள் விலை குறைவு, எளிதில் கிடைக்கும். கூடவே வரும் ஊசிமுனை பிட்டை ஓரமாக வைத்துவிட்டு, 2.4டி என்ற உளிமுனை பிட்டை வாங்குங்கள். காலையும் செம்பையும் ஒரே நேரத்தில் தொடும். மலிவான பிட்டுகளில் முலாம் மெல்லிசு, அவையும் சில மாதத்தில் குழி விழுகின்றன. ஸ்டேஷன் வாங்கினால் தொல்லை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆக்சைடை நீக்கி ஈயத்தை ஒட்டவைக்கும் ஃப்ளக்ஸை இரண்டுக்கும் பொதுவாகச் சொல்கிறேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் நவச்சாரம் தூவித் தேய்ப்பாரே, அதே வேலைதான். போர்டில் மட்டும் நவச்சாரமோ ஆசிட் பேஸ்ட்டோ வேண்டாம், அரித்துவிடும். ரோசின் (பைன் மரப் பிசின்) போதும். பழைய இணைப்பின் மேல் இன்னும் கொஞ்சம் ஈயம் கொட்டினால் சரியாகாது. துளி ஃப்ளக்ஸ் வைத்து, கால் முழுக்க ஈயம் வழிந்து பரவும்வரை சூடாக்கி, ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும்.

என் ஸ்டேஷன் காட்டும் 330 நிஜமான 330-தானா என்று தனி மீட்டர் வைத்துப் பார்த்ததில்லை. இரண்டு நொடியில் ஈயம் பரவுகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. பிட்டுக்குள்ளேயே ஹீட்டரும் சென்சாரும் இருக்கும் டி12 வகையை நண்பரிடம் இரண்டு மாலை மட்டும் பிடித்துப் பார்த்தேன். அசத்தலாகச் சூடேறுகிறது, ஆனால் பிட் போனால் ஹீட்டரும் சேர்ந்து போகும். காரீயம் இல்லாத ஈயத்தோடு எனக்குப் பழக்கம் குறைவு. அதில் வழக்கமான வகை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அங்கே கட்டுப்பாடு இல்லாத அயர்ன் இன்னும் சிரமப்படும் என்றே நினைக்கிறேன்.

ரிலேயை ஸ்டேஷனால் திரும்ப வைத்து ஏழு மாதம் ஆகிறது, தொட்டி வழியவில்லை. பழைய அயர்னைத் தூக்கிப் போடவும் இல்லை. அந்தச் சர்க்யூட்டின் பிளாஸ்டிக் பெட்டியில் வயர் போக ஓட்டை போட்டது அதுதான்.