பழைய இராணுவக் கொம்பாஸ் என்று 42,500 ரூபாயை அடித்துவிட்டார்கள், கவனம்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பழைய சாமான் சேர்க்கிற ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். 42,500 ரூபாய் போய்விட்டது, வயிறு எரிகிறது. கடையின் பெயரைப் போட்டால் என் பதிவைத்தான் தூக்குவார்கள், அதனால் போடவில்லை. பழைய பொருட்கள் விற்கும் ஒன்லைன் கடை, கொழும்பாம். முகவரி கிடையாது, வட்ஸ்அப் இலக்கம் மட்டும்.

அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானிய இராணுவக் கொம்பாஸ், அதாவது திசைகாட்டி, மார்க் 3 (மார்க் என்றால் மாதிரி இலக்கம்), டி.ஜி. கம்பனி, லண்டன், 1942. படத்தில் கறுப்புப் பூச்சு அங்கங்கே உரிந்து பித்தளை தெரிந்தது, அடியில் எழுத்தும் இலக்கமும் ஆழமாகக் குத்தியிருந்தது. அசல் மார்க் 3 அப்படித்தான் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்தப் படம் வேறு யாரோ வைத்திருக்கும் அசலின் படம்.

நம்பவைத்த இடத்தைச் சொல்கிறேன். 1942 ஏப்ரலில் யப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டான் அல்லவா, அந்த யுத்தகாலத்தில் வவுனியாவில் வெள்ளைக்காரரின் விமானத்தளம் இருந்தது. எங்கள் அப்பப்பா அங்கே கூலிக்கு நின்றவர். அந்தக் காலத்துச் சாமான் ஒன்றுகூட எங்கள் வீட்டில் மிஞ்சவில்லை, 2009இல் எல்லாமே போய்விட்டது. இதைப் பேச்சோடு பேச்சாக அந்தக் கடைக்காரனிடம் சொன்னேன். உடனே குரல் பதிவு வருகிறது: "ஐயோ அண்ணா, இதுவும் வவுனியாவில நிண்ட ஒபிசர் ஒராளின்ர தான், அவரின்ர சமையல்காரர் வீட்டில இருந்து எடுத்தது. உங்கட கைக்கு வரவேணும் எண்டு இருக்குது போல." அன்றிரவே 42,500 ரூபாயும் அவன் கணக்குக்குப் போனது. இப்போது பழைய செய்திகளை ஏற்றிப் பார்த்தால், முதல் நாள் அதே சாமானைப் பதுளையில் ஒரு தோட்டத்துரை பங்களாவில் எடுத்ததாக எழுதியிருக்கிறான்!

பார்சலைப் பிரித்தால் மஞ்சள் மஞ்சளாக மின்னுகிறது. கறுப்பு எங்கே என்று கேட்டேன். "பொலிஷ் பண்ணி அனுப்பினனாங்கள் அண்ணா, அதுக்குக் காசு எடுக்கேல்ல." இதை என்னவென்று சொல்வது? அசல் மார்க் 3 திரவம் நிரப்பியது, உள்ளே சுழலும் தட்டு முத்துச்சிப்பியில் செய்தது. இதில் திரவமும் இல்லை மண்ணும் இல்லை, கண்ணாடிக்குக் கீழே அச்சடித்த கடதாசி, ஓரம் வேறு சுருண்டு கிடக்கிறது. எழுத்துக்குள் அப்பியிருந்த கறுப்பை நகத்தால் சுரண்டினேன், சப்பாத்துப் பொலிஷ் மாதிரி நகத்துக்குள் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் விட அந்த அம்புக்குறி. பிரித்தானிய அரச உடைமை என்பதற்கு அடிக்கும் அம்பு வெறும் மூன்று கோடுதான், கோழிக்கால் பதிந்த மாதிரி. இவர்கள் நீளத் தண்டு வைத்து, பின்னால் இறகும் கீறி, இராமர் விட்ட பாணம் போல ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

திருப்பி எடுங்கள் என்றால் "பழசு எண்டா அப்பிடித்தான் அண்ணா". பிறகு "முதலாளி வெளிநாட்டில". பிறகு "பெட்டியைப் பிரிச்சா எடுக்கமாட்டம்". பிரிக்காமல் எப்படியடா பார்ப்பது? கடைசியில் நீல ரிக்கும் இல்லை, தடைசெய்துவிட்டான். அவர்கள் விளம்பரம் போட்டிருந்த தளத்துக்கு எழுதினால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் தாங்கள் வருவதில்லை என்று இரண்டு வரி. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அடித்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

கோபத்தில் அவர்களுடைய மற்றச் சாமான்களையும் கிண்டினேன். சுவரில் மாட்ட ஒரு ரிவோல்வராம், "வெப்லி மார்க் 6, 1912". மார்க் 6 பிரித்தானிய இராணுவத்துக்கு வந்ததே 1915 மே மாதம். பிறக்க முதலே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைவிட, உரிமம் இல்லாமல் அப்படி ஒன்றை, அதுவும் வன்னியில், வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அது அலங்காரத்துக்கு என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அடிப்பக்கத்து இலக்கத்தைக் கிட்டப் படமெடுத்து, அன்றைய திகதி எழுதிய துண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். மார்க் எத்தனை, ஆண்டு எத்தனை, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அது இராணுவம் கழித்து விற்றது, அதற்காகப் போலி என்று நினைக்கவேண்டாம். அசல் கையில் கிடைத்தால் கழற்ற வேண்டாம், அதில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியம், கதிர்வீச்சு உள்ளது. முழுக்காசையும் முன்னுக்குப் போடவே வேண்டாம்.

இன்று காலை வேறு இலக்கத்தில் இருந்து பார்த்தேன். அதே கறுப்புப் படம், அதே 1942, விலை மட்டும் 45,000 ஆகியிருக்கிறது. என் 42,500 ரூபாய்க்கு இன்னும் பதில் இல்லை. அவர்களிடம் வாங்கி ஏமாந்த வேறு யாராவது இருந்தால் பணம் போட்ட பற்றுச்சீட்டோடு உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம்.