ஜெனீவா போனால் 18ஆம் நம்பர் டிராம் ஏறுங்கள்

காசே வாங்காத இடத்துக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஜெனீவா ரயில் நிலையத்தருகே 18ஆம் நம்பர் டிராம் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வுக்கூடம், 2023இல் திறந்த அதன் அறிவியல் கண்காட்சி மையமான சயின்ஸ் கேட்வே அங்கேதான். திங்கட்கிழமை விடுமுறை. குழந்தைகள் தொட்டு விளையாட நிறைய இருக்கிறது, சரி, நான் போனது துகள்களின் தடத்தைப் படம்பிடித்த கார்கமெல் என்ற பழைய கருவிக்காக.

கிட்டத்தட்ட 5 மீட்டர் நீள உலோக உருளை, உடம்பெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை, கப்பலிலிருந்து கழற்றிப்போட்ட பாய்லர் மாதிரி! உள்ளே ஃப்ரியான் திரவத்தை நிரப்பி மின்னூட்டமே இல்லாத நியூட்ரினோ என்ற துகள்களைப் பாய்ச்சியதில், தடமே இல்லாமல் வந்த ஒன்று இடித்து ஒற்றை எலக்ட்ரான் மட்டும் கோடு போட்டு ஓடியது படத்தில் விழுந்தது, 1973இல் அறிவித்தார்கள். மின்காந்த விசையும், சில அணுக்கருக்கள் சிதையக் காரணமான மெல்விசையும் ஒன்றுதான், இப்படியொரு மோதலும் நடக்கும் என்ற இயற்பியலாளர்கள் கிளாஷோ, சலாம், வைன்பெர்க் கணக்குக்கு அது பலமான சாட்சி, அவர்களுக்கு 1979இல் நோபல், அப்புறம் 1983இல் இங்கேயே மெல்விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்களும் சிக்கின. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வல்விசை இன்னும் இந்த இரண்டு விசைகளோடு சேரவில்லை. ஈர்ப்பு விசையோ பந்திக்கே வரவில்லை.

வழிகாட்டியோடு சுற்ற வேண்டுமென்றால் காலையிலேயே போய்ப் பெயர் கொடுங்கள், நான் ஆடி அசைந்து 11 மணிக்குப் போய் இடத்தைக் கோட்டைவிட்டேன்.