அதிவேக ஓட்டத்துக்கு எந்த ஆயில்: 5டபிள்யூ-30ஆ, 5டபிள்யூ-40ஆ?

ஜெர்மனியின் ஆட்டோபான் விரைவுச்சாலையில் வேக வரம்பில்லாத இடங்களில் 180 கி.மீ. வேகத்தில் விடாமல் ஓட்டினால், எஞ்சின் ஆயில் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. அங்கே எதை ஊற்றுவது?

பெயரில் முன்னால் உள்ள ‘5டபிள்யூ’ குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள 30, 40 சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் சொல்பவை. அதனால் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சூடேறிய பிறகுதான் வித்தியாசம். 100 டிகிரியில் 30 கிரேடின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். 40 கிரேடு 12.5இல்தான் தொடங்கும்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது எச்.டி.எச்.எஸ். (அதிக சூடு, அதிக உராய்வழுத்தத்தில் உள்ள பாகுத்தன்மை) எண்ணைத்தான். 150 டிகிரி சூட்டில், பேரிங் இடுக்கில் அழுந்தும்போது ஆயில் படலம் எவ்வளவு தாங்கும் என்பதை அதுதான் காட்டும். 5டபிள்யூ-30க்கு 2.9 இருந்தாலே போதும், 5டபிள்யூ-40க்கு 3.5 கட்டாயம். அதனால் இந்த மாதிரி ஓட்டத்துக்கு என் ஓட்டு 40க்குத்தான்.

அதற்காக எல்லா 30ஐயும் ஒதுக்க வேண்டாம். கேனின் பின்பக்கம் ‘சி3’ என்று (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் ஆயில் தரக் குறியீடு) இருந்தால் அந்த 30ம் 3.5ஐ எட்டியதுதான், தாராளமாக ஊற்றலாம். ‘சி2’ என்றால் 2.9 வரை இறங்கலாம். பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும், நகர ஓட்டத்துக்குச் சரி.

எதை வாங்கினாலும் வண்டியின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டீசல் வண்டியில் புகைத்துகள் வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும்.