கோரை, அருகு, சாரணை: வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் களை எடுக்கும் வழிகள், நாலைந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

களைப்பாய் (களை முளைக்காமல் தரையில் விரிக்கும் நெய்த பாய்), சில்வர் ஷீட், வைக்கோல் மூடாக்கு (மண்ணை மூடிப் பரப்புவது), வினிகர்க் கலவை என்று எதை எடுத்தாலும் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது ஐப்பசி மழையில்தான் சாயம் வெளுக்கும். இங்கே சொல்வது 3 முதல் 5 சென்ட் வரையிலான செம்மண் தோட்டத்துக்கு, ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் மாறி மாறிப் பயிர் வைக்கும் வீடுகளுக்குப் பொருந்தும். களிமண் என்றால் ஒன்றிரண்டு மாறும், அதை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

எதையும் வாங்கும் முன் தோட்டத்தில் இருப்பது எந்தக் களை என்று பாருங்கள். சாரணை, குப்பைமேனி, கீழாநெல்லி, குப்பைக்கீரை, பார்த்தீனியம் எல்லாம் விதையில் வருபவை. பூக்கும் முன் பிடுங்கினால் அந்தச் செடியோடு கதை முடிந்தது. கோரையும் அருகும் (அருகம்புல்) அப்படியல்ல. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு, அருகுக்குக் கணுவுக்குக் கணு வேர். முதல் வகைக்கு நன்றாக வேலை செய்யும் வழி இரண்டாவது வகையிடம் தோற்றுப்போகும். 'மூடாக்கு போட்டும் களை நிற்கவில்லை' என்று புலம்பும் தோட்டங்களில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோரைதான் நிற்கும்.

மூடாக்கில் செய்யும் முதல் தவறு கனம். இரண்டு விரல்கடை வைக்கோல் பரப்பினால் ஈரம் காக்கும், களையைத் தடுக்காது. பரப்பும்போது 10 செ.மீ. இருக்க வேண்டும், பத்து நாளில் அது பாதியாக அமுங்கிவிடும். சுமார் 30 கிலோ வைக்கோல் கட்டு ஒன்று ஏறக்குறைய 130 சதுர அடிக்கு வரும். அதைவிட அதிகப் பரப்புக்கு இழுத்துப் போட்டால் காசும் வீண், வைக்கோலும் வீண். கட்டை வாங்கும்போது உதறிப் பாருங்கள். நெல்மணி மிச்சமிருந்தால் பாத்தி நாற்றங்காலாகிவிடும். அப்படிப்பட்ட கட்டை வெளியில் நனைத்து, பத்து நாள் முளைக்கவிட்டுப் புரட்டிப் போட்டபின் உள்ளே கொண்டுவரலாம்.

கரும்புச் சோகை வைக்கோலைவிட நீடித்து உழைக்கும். ஒரு பட்டம் முழுக்கத் தாங்கும், விதைத் தொல்லையும் இல்லை. வேம்பு, கிளிரிசிடியா தழை ஒன்றரை மாதத்தில் மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். உரத்துக்கு நல்லது, களைக்குப் போதாது. தென்னை நார்க்கழிவை மக்காமல் மண்ணில் கலந்தால் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடி வெளிறும். மேலே மட்டும் பரப்பினால் அவ்வளவு தொந்தரவில்லை.

இரண்டு பக்கவிளைவுகளைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கோடையில் மூடாக்கு காய்ந்து கிடந்தால் கரையான் ஏறும், வாரம் ஒருமுறையாவது மேலே தண்ணீர் காட்டுங்கள். மழைக்காலத்தில் அதே மூடாக்கு நத்தைக்கு வீடு. பெரிய ஆப்பிரிக்க நத்தை உள்ள ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் மூடாக்கை மெலிதாக்கி, மாலையில் ஈரச்சாக்கைப் போட்டு, காலையில் அதனடியில் ஒண்டியிருப்பதைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். எந்தப் பருவமானாலும் தண்டைச் சுற்றி நான்கு விரல்கடை இடம் விடுங்கள். கத்தரி, மிளகாய்த் தண்டோடு ஈரச்சருகு ஒட்டிக் கிடந்தால் அடித்தண்டு அழுகும்.

நெய்த களைப்பாய் 90 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவு) கனத்தில் வாங்குங்கள். புறஊதாக் கதிரைத் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். அது இல்லாதது இரண்டே கோடையில் நூல்நூலாகப் பிரியும். துளையைக் கத்தியால் வெட்டினால் ஓரம் பிரிந்துகொண்டே போகும். பழைய டின் டப்பாவைச் சூடாக்கி அழுத்தினால் வட்டமாகத் துளை விழும், ஓரமும் உருகி ஒட்டிக்கொள்ளும். நாற்றுக்கு 8 செ.மீ. துளை போதும். பெரிதாக விட்டால் துளைக்குத் துளை களை எட்டிப் பார்க்கும். இரண்டு பாய் சேரும் இடத்தில் ஒரு சாண் மேலேற்றிப் போடாவிட்டால் அந்த இடுக்கில் அருகு நுழைந்துவிடும்.

பாயின் உண்மையான குறை மூன்றாம் ஆண்டில் தெரியும். காற்றில் வரும் புழுதியும் உதிர்ந்த சருகும் பாயின் மேலேயே ஒரு படலமாகப் படிகின்றன. அதில் விதை விழுந்து முளைத்து, வேர் நெசவுக்குள் இறங்கிவிட்டால் பிடுங்கும்போது பாயும் கிழியும். மாதம் ஒருமுறை விளக்குமாறு போட்டுக் கூட்டினால் போதும், ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு. பாயின் மேல் ஜல்லியோ மண்ணோ பரப்புவது இந்தச் சிக்கலைக் காசு கொடுத்து வாங்குவது போல. மேலும் பாய்க்கு அடியில் தொழு உரம் சேர்க்க முடியாது, பட்டத்துக்கு ஒருமுறை தூக்கித்தான் ஆக வேண்டும். அதனால் பாய் நடைபாதைக்கும் பந்தல் அடிக்கும் சரி. காய்கறிப் பாத்திக்குள் வேண்டாம் என்பது எங்கள் முடிவு.

சில்வர் ஷீட் என்கிற, ஒருபக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு நிற மல்ச்சிங் ஷீட் வேறு ரகம். 25 அல்லது 30 மைக்ரான் தடிமன், 4 அடி அகலம், வெள்ளிப்பக்கம் மேலே. கறுப்புப்பக்கம் ஒளியைத் தடுப்பதால் விதைக்களை முளைத்தாலும் வெளுத்துச் சாகும். வெள்ளியில் படும் ஒளி தெறிப்பதால் மிளகாயில் வெள்ளை ஈ, அசுவினித் தொல்லையும் கொஞ்சம் குறைகிறது. சொட்டுநீர்க் குழாயை முதலில் விரித்து, ஓடவிட்டுப் பார்த்து, அடைப்பு இல்லை என்று தெரிந்தபின் ஷீட்டை மூடுங்கள். மூடியபின் கண்டுபிடிக்கும் அடைப்புக்கு ஷீட்டையே கிழிக்க வேண்டிவரும். இது ஒரு பட்டத்துச் சாமான். இரண்டாம் பட்டத்துக்கு விட்டால் வெயிலில் நொறுங்கி, கிள்ளியெடுக்க முடியாத துணுக்குகளாக மண்ணில் கலக்கும். கோரை இருக்கும் மண்ணில் இதைப் போடாதீர்கள். கோரையின் முளை ஊசி. நடுகிற நாளில் வழவழவென்று இருந்த ஷீட் மூன்றே வாரத்தில் சல்லடையாகும்.

செலவே இல்லாமல் நல்ல பலன் தருவது, விதைக்கு முன் களையை முளைக்கவிட்டு அழிப்பது. பாத்தியைத் தயார்செய்து, உரமிட்டு, விதை போடாமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். 10 முதல் 14 நாளில் பச்சைப் படலம் வரும். களைக்கொத்தால் 2 அல்லது 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் சுரண்டி, வெயிலில் ஒருநாள் காயவிட்டு, அடுத்த நாள் விதையுங்கள். இந்த இடத்தில் ஆர்வக்கோளாறில் மண்வெட்டி போட்டுக் கொத்தினால் கீழே தூங்கும் விதையெல்லாம் மேலே வந்துவிடும், முந்தைய இரண்டு வாரமும் வீண். கீரைப் பாத்திக்கும் வெங்காயத்துக்கும் இதைத் தவறவே விடக்கூடாது. வெங்காயத் தாள் நிழல் தராது, ஆகவே களையோடு போட்டிபோடத் தெரியாத பயிர் அது. நட்டு ஒன்றரை, இரண்டு மாதம் வரை சுத்தமாக வைக்க வேண்டும். தக்காளி, கத்தரி, வெண்டைக்கு முதல் 40, 45 நாள் காத்தால் போதும், அதன்பின் அவற்றின் நிழலே வேலையைப் பார்க்கும்.

சித்திரை, வைகாசியில் பாத்தி காலியாக இருந்தால் மண்ணை வேகவைக்கலாம். மண்ணை நன்றாக நனைத்து, கட்டி இல்லாமல் சமப்படுத்தி, கண்ணாடி போன்ற தெளிவான பாலித்தீனை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விட வேண்டும். கறுப்பு ஷீட் போட்டால் சூடு ஷீட்டோடு நின்றுவிடும், மண்ணுக்கு இறங்காது. காய்ந்த மண்ணிலும் பலன் பாதிதான், ஈரம்தான் சூட்டைக் கீழே கடத்துகிறது. மேல்மண்ணில் உள்ள விதைக்களை பெரும்பகுதி செத்துவிடும். கோரையின் ஆழக்கிழங்கு சாகாது. ஆனால் ஒரு வேடிக்கை உண்டு: தெளிவான ஷீட்டுக்குள் ஒளி கிடைப்பதால் கோரை ஊசியாக நிற்காமல் இலை விரித்து, அந்தச் சூட்டில் கருகும். வேகவைத்தபின் மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள்.

இப்போது கோரை. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று காசு கொடுத்து வாங்கும் அதே கிழங்குதான் தோட்டத்தில் இலவசமாகப் பெருகுகிறது. கிழங்குகள் மணிமாலைபோல் வரிசையாகக் கோத்திருக்கும், பெரும்பாலும் மேல் 15 செ.மீ. ஆழத்துக்குள். மாலை அறுபடாதவரை நுனிக்கிழங்கு மட்டும் முளைக்கும், மற்றவை அடங்கியிருக்கும். இழுத்தால் மேல் புல் மட்டும் கையோடு வந்து, கீழே மாலை அறுந்து, ஒன்றுக்கு நான்காக முளைக்கும். பவர் டில்லர் விட்ட தோட்டத்தில் கோரை பெருகுவதன் காரணம் இதுதான்.

பயன்பாட்டில் பலித்தது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வதுதான். கோடையில் கடப்பாரை அல்லது தோட்ட முள்கரண்டியால் மண்ணை நெம்பி, கட்டியை உடைத்து, மாலைமாலையாகக் கிழங்கைப் பொறுக்குங்கள். விட்டுப்போனவை மேலே கிடந்து ஒரு வாரத்துக்கு மேல் கடும் வெயிலில் காய்ந்தால் சாகும். நடுவில் ஒரு கோடைமழை பெய்தால் மறுபடி பிழைத்துக்கொள்ளும். அதன்பின் பயிர்க்காலத்தில் முளைத்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரையோடு அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முளைத்து மூன்று, நான்கு வாரத்தில் புதுக்கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும், இடைவெளி அதைத் தாண்டக்கூடாது. கூடவே நிழல். கோரைக்கு நிழல் ஆகாது. சர்க்கரைவள்ளி, பூசணி, தட்டைப்பயறு என்று தரையை மூடும் பயிரை அந்தப் பாத்தியில் தொடர்ந்து வையுங்கள். இரண்டு ஆண்டில் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ஒரே பட்டத்தில் ஒழிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அருகு பெரும்பாலும் பாத்திக்குள் பிறப்பதில்லை, வேலியோரத்திலிருந்து ஊர்ந்து வருகிறது. ஓரத்தில் கடப்பா கல் துண்டை 20 செ.மீ. ஆழத்தில் செங்குத்தாகப் புதைத்தால் பாதி வேலை குறையும். கல்லுக்கு மேலே ஏறி வரும் கொடியை மட்டும் மாதம் ஒருமுறை வெட்டினால் சரி. கானாம்வாழைக்கும் பருப்புக்கீரைக்கும் ஒரு எச்சரிக்கை: பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டால் மறுபடி வேர்விடும். கானாம்வாழை மண்ணுக்கடியிலும் பூத்து விதை வைக்கும், எனவே வேரோடு எடுக்க வேண்டும். பருப்புக்கீரையை எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டாம், பாசிப்பருப்போடு கடைந்துவிடலாம்.

வினிகர், உப்பு, சோப்புக் கலவைக்கு வருவோம். கடை வினிகரில் அமிலம் 4, 5 சதவீதம்தான். இரண்டு இலை முளையைக் கருக்கும், வேரைத் தொடாது. கோரை ஒரே வாரத்தில் புது இலையோடு வரும். உப்பு அதைவிட மோசம். களை போனாலும் உப்பு மண்ணில் நிற்கும், அடுத்த பயிர் இலையோரம் கருகும். நடைபாதைக் கல்லிடுக்குக்குக் கொதிக்கும் வடிகஞ்சியே போதும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கத்தரிக்கும் கோரைக்கும் அரை அடி இடைவெளி உள்ள இடத்தில் காற்றில் பறக்கும் சாரல் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

களையில் கணிசமான பங்கு நாமே சுமந்து வருவது. ஆட்டுப்புழுக்கையில் சீமைக்கருவேல விதை உயிரோடு வரும், மக்காத மாட்டுச்சாணத்தில் புல்விதை வரும். புது லோடு இறக்கியதும் இரண்டு கை உரத்தை ஒரு தட்டில் பரப்பி ஈரமாக இரண்டு வாரம் வையுங்கள். பச்சை தெரிந்தால் அந்தக் குவியலை நனைத்து மூடி, உள்ளே கைவைக்க முடியாத சூடு வரவிட்டு, மூன்று, நான்கு முறை புரட்டிய பிறகே பாத்திக்குப் போட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் மட்டும் உரக்குழியில் சேர்க்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அரிப்பு பலருக்கு வாரக்கணக்கில் போகாது.

கருவிகளில் நீளக் கைப்பிடி வைத்த களைக்கொத்துதான் அதிகம் உழைத்தது. அரத்தால் வாரம் ஒருமுறை தீட்டுங்கள். மொட்டைக் கொத்து களையை அறுக்காது, மண்ணோடு மடக்கிப் புதைத்துவிட்டுப் போகும். காலை வெயில் ஏறும்போது, மேல்மண் காய்ந்திருக்கும்போது சுரண்டினால் உதிர்ந்த முளை மதியத்துக்குள் வாடிவிடும். மழை பெய்த மறுநாள் கொத்தினால் களையை இடம் மாற்றி நட்டது மாதிரிதான். களிமண்ணில் ஈரத்தோடு கொத்துவது கட்டியையும் உண்டாக்கும்.

அறுவடை முடிந்த பாத்தியைச் சும்மா விடாதீர்கள். தட்டைப்பயறு, உளுந்து, கம்பு, சோளம், எள், தக்கைப்பூண்டு என்று கைக்குக் கிடைத்ததைக் கலந்து சென்ட்டுக்கு 250 கிராம் நெருக்கமாகத் தூவி, 45 முதல் 50 நாளில் பூ எடுக்கும்போது மண்ணோடு மடக்கி விடுங்கள். எள்ளும் கம்பும் மணி பிடிக்கும்வரை விட்டால் அடுத்த பட்டத்துக்கு அதுவே களை.