வேளாங்கண்ணியா, புக்கிட் மெர்தாஜாமா?

திருயாத்திரைக்கு எங்கே போவது? மலேசியாவில், பினாங்கில் இருக்கும் நம்மில் பலருக்கு ஆண்டுதோறும் வரும் கேள்வி இது. வேளாங்கண்ணி என்றால் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் விழா. திருச்சி வரை விமானம், அப்புறம் சாலை வழி, அங்கே மணலில் முழங்காலிட்டே நகரும் அம்மாக்களைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும். ஆனால் விடுப்பும் பணமும் வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயமோ பாலம் தாண்டினால் பக்கம்தான். மாதாவைப் பெற்ற தாய் அவர், விழா ஜூலை 26. தமிழிலும் திருப்பலி உண்டு, மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி போகலாம், முக்கியமாக, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் திரும்பப் போய் அமைதியாக உட்காரலாம். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்து பல வருடமானவர்களுக்கு நான் சொல்வது, முதலில் அன்னம்மாளிடம் போங்கள். வீட்டுப் பெரியவர்களின் நேர்த்திக்கடன் வேளாங்கண்ணியில் பாக்கியிருந்தால், சரி, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.