ஓடைக்கரை நிழலுக்கு வில்லோவா, செடாரா?

சியாட்டிலுக்குக் கிழக்கே, எங்கள் கொல்லையை ஒட்டி ஓடும் சிற்றோடை பேர் கிரீக் என்ற ஓடையில் போய்ச் சேர்கிறது. அகலம் எட்டடி இருந்தால் அதிகம். கோஹோ சால்மன் மீன்குஞ்சுகள் கடலுக்குப் போகுமுன் ஓராண்டுக்கு மேல் இந்த மாதிரி ஓடைகளில்தான் வளரும். ஒரு முழுக் கோடையை அவை இங்கேயே தாண்டியாக வேண்டும். சால்மன் வளரும் முக்கிய நீர்நிலைகளுக்கு வாஷிங்டன் மாநிலம் வைத்திருக்கும் கோடை வரம்பு 16 டிகிரி செல்சியஸ். நான் கரையில் மரம் நடத் தொடங்குமுன், ஆகஸ்ட் மாலை நான்கு மணிக்கு என் தெர்மாமீட்டர் 19 காட்டியது.

தண்ணீர் குளிர்ந்திருக்க, கட்டை போட்டு ஆழக் குழி உண்டாக்கலாம்தான். அதற்கு மாநில மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். அந்தப் பக்கமே போகவில்லை. மிஞ்சியது நிழல். வெயில் சாயும் தெற்கு, மேற்குப் பக்கங்களில் கரையைச் சரிபாதியாகப் பிரித்து நட்டேன்: ஒரு பாதியில் பதினைந்து செடார் (என்றும் பசுமையான நெடுமரம்) நாற்று, மறுபாதியில் அறுபது வில்லோ (ஈரமண்ணில் வேகமாக வளரும் மரம்) போத்து.

நடும் செலவை விடுங்கள், அது சில்லறை. ஆளைக் கொல்வது அதற்கப்புறம் வரும் மூன்று கோடைகள். ரீட் கேனரி புல் இடுப்புக்கு மேல் எழும். கூடவே இமாலயன் பிளாக்பெர்ரி முள் (பெயர்தான் இமாலயம், பூர்வீகம் ஆர்மீனியாப் பக்கம்). செடாரைச் சுற்றிக் கோடைக்கு நான்கு முறை புல் அறுத்தேன். ஜூலை, ஆகஸ்டில் இங்கே மழை அரிது என்பதால் வாளி வாளியாகத் தண்ணீர். மான் கடிக்காமலிருக்கக் கம்பிக்கூண்டு. இவ்வளவுக்கும் நான்காம் ஆண்டில் மிஞ்சியவை ஆறு. உயரமானது என் மார்பளவு.

வில்லோ, முருங்கைப் போத்து ஊன்றியவர்களுக்குப் பழகிய வேலை. இலையுதிர்ந்த குளிர்காலத்தில் கட்டைவிரல் பருமனில் மூன்றடிக் கிளை வெட்டி, மொட்டு மேல்நோக்க, பாதிக்கு மேல் ஈரமண்ணில் இறக்க வேண்டும். இந்த மண்ணுக்குரிய சிட்கா வில்லோவாகப் பாருங்கள். கிளை தொங்கும் அலங்கார வில்லோ வேண்டாம். நாற்பது துளிர்த்தன. மூன்றாம் கோடையில் என் தலைக்கு மேல் போய்விட்டன. அவற்றின் நிழலிலேயே புல் மெலிந்ததால் அரிவாளுக்கு வேலை குறைந்தது. ஒரு இரவில் பீவர் (மரம் கொறிக்கும் நீர்வாழ் விலங்கு) ஏழெட்டைக் கடித்துப் போட்டது. வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர். செடாரைக் கடித்தால் போனது போனதுதான்.

போன ஆகஸ்டில் அதே இடத்தில் 17 டிகிரி. அது என் வில்லோவின் வேலை என்று சத்தியம் செய்ய மாட்டேன்: கோடை மிதமாக இருந்தது, ஓடையின் மேற்போக்கில் உள்ள வீட்டுக்காரர்களும் நட்டிருக்கிறார்கள். அகலமான ஆற்றுக்கு வில்லோவின் உயரம் போதாது. செடார் நூற்றாண்டுகள் நிற்கும்; விழுந்தாலும் தண்ணீரில் பல காலம் கிடந்து மீனுக்கு மறைவிடமாகும். என் கணக்கு நான்கு கோடைக்குத்தான்.

செடார் நிழலைத் தாங்கும் மரம். வருகிற பிப்ரவரியில் ஐந்து நாற்றை வில்லோக்களுக்குப் பின்னால் வைக்கப்போகிறேன். கம்பிக்கூண்டுகள் கொட்டகையிலேயே இருக்கின்றன.