ஆகஸ்ட் 29, மார்ச் 1: கொரியா எதை நினைவில் வைக்க வேண்டும்?

கொரியாவை ஜப்பான் தன்னுடன் இணைத்துக்கொண்ட ஒப்பந்தம் 1910 ஆகஸ்ட் 22-இல் கையெழுத்தானது, 29-இல் அறிவிக்கப்பட்டது. அந்நாளைக் கொரியர்கள் தேசிய அவமான நாள் என்கிறார்கள். ஆனால் தென்கொரியாவில் அன்று பொது விடுமுறை இல்லை.

மார்ச் 1 விடுமுறை நாள். 1919-இல் அன்றுதான் 33 பேர் கையொப்பமிட்ட விடுதலைப் பிரகடனம் சியோலின் தப்கோல் பூங்காவில் வாசிக்கப்பட்டது. நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லக்கூடிய நாள்.

இருந்தும் நான் ஆகஸ்ட் 29-இன் பக்கமே நிற்கிறேன். எதிர்ப்பை மட்டும் கொண்டாடினால், நாடு கைமாறியது எப்படி என்ற கேள்வி ஓரங்கட்டப்பட்டுவிடும். ஒப்பந்தத்தில் ஜப்பானின் தெராவுச்சி மசாதாகேவுடன் கையெழுத்திட்டவர் கொரியாவின் சொந்தப் பிரதமர் யி வான்-யோங். இதை விழுங்குவது கடினம். அதனாலேயே மறக்கக் கூடாது.

இழிவையும் நினைவுச்சின்னமாக்க முடியும். ஜப்பானிய ஆட்சித் தலைமையகத்தை 1995-இல் இடிக்கத் தொடங்கியபோது கழற்றிய கோபுர முனை, சொனான் நகர விடுதலை மண்டப வளாகத்தில் தரைமட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்க வருபவர் தலைகுனிந்துதான் அதைப் பார்க்க வேண்டும், அண்ணாந்து அல்ல. ஆகஸ்ட் 29-க்கு விடுமுறைகூட வேண்டாம், அன்று வகுப்பறைகளில் அந்த ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிக்கட்டும்.